கலோலைனி கொடுத்த நூற்று முப்பத்திரண்டு கண்ணாடிகள்

எங்கள் சபை மலரில் இறந்துபோனவர்களைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். கலோலைனி அக்கா நன்றாக உயிரோடு இருக்கிறாள். நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் பன்றியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அவளைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று போதகரிடம் நானாகத்தான் கேட்டு வாங்கினேன். நன்றி சொல்வதற்கு ஒருவர் சாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. எங்கள் தீவிலேயே பிறந்தவள். வாலிபத்தில் பெரிய தீவுக்குப் போய்த் தபால் ஆபீசில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். அம்மா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தாள். அம்மா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "என்னைக் கேட்டவனை எனக்குப் பிடிக்கல. எனக்குப் பிடிச்சவனுக்குக் கேக்க வாய் வரல" என்பாள். அவன் யார் என்று இன்றுவரை சொன்னதில்லை. ஊரில் ஐந்தாறு கிழவர்கள் அது தாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சபை மண்டபத்துப் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆக்லாந்தில் இருக்கிற எங்கள் ஊர் ஜனங்கள் தங்களுக்குப் பழசாகிப் போனதை அனுப்பிவைத்தார்கள். உப்புக்காற்று படாமல் அதன் மேல் மரப்பட்டைத் துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பாள் அக்கா. காலையில் துணியை எடுத்து மடித்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவாள். சில நாள் அது எழுந்திருக்க நேரமாகும். "எழுந்திருடா மவனே, ஆண்டவர் உனக்கும் ஒரு நாளைக் குடுத்திருக்காரு" என்று அதன் முதுகில் தட்டுவாள்.

அதில் அவள் செய்வதெல்லாம் பட்டியல்தான். விருந்துக்கு யார் வள்ளிக்கிழங்கு கொண்டுவருவது, சாவு வீட்டில் யார் மண்ணடுப்பு தோண்டுவது, கோயில் கூரைக்கு எந்த நாளில் யார் ஏறுவது, எல்லாம் கட்டம் கட்டமாக அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும்.

அவள் வருவதற்கு முன்னால் பட்டியல் என்றாலே எங்கள் ஊரில் மனஸ்தாபம்தான். எங்கள் ஊர்ப் பிரபுவின் வீட்டார் பெயர் மேலே வரவேண்டும், அதற்கடுத்து அவருக்காகக் கூட்டத்தில் பேசுகிற பேச்சாளரின் வீட்டார், அதற்கடுத்து யார் என்பதில்தான் முகம் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வருஷம் பெயர் கீழே போய்விட்டது என்று ஒரு குடும்பமே விருந்துக்கு வரவில்லை. சுட்ட பன்றி மீந்துபோனது. அக்கா வந்த வருஷம் எல்லாப் பெயரையும் எழுத்து வரிசையில் போட்டு மண்டபக் கதவில் ஒட்டினாள். பிரபுவின் தம்பி நடுவில் கிடந்தார். கோபத்தோடு வந்த அவரிடம் அக்கா, "ஐயா, இது நான் போட்ட வரிசை இல்ல. சின்னப்புள்ளைங்க பாடுற எழுத்துப்பாட்டு வரிசை. அதுக்கு யார் பெரியவங்கன்னு தெரியாது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எழுத்து வரிசைதான். அலை ஏறி இறங்குகிற மாதிரி அதுவும் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று அக்கா நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் மொழியில் சில பெயர்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கொக்கி உண்டு. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கிற ஓசைக்கு அது எழுத்து. பள்ளியில் எழுத்துகளைச் சொல்லித் தரும்போது அதைத்தான் கடைசி எழுத்தாகச் சொல்வார்கள். அதனால் கொக்கிப் பெயர்க்காரர்கள் முப்பத்தொரு பேரும் அக்காவின் பட்டியலில் எப்போதும் கடைசியில்தான். எதினா என்ற நானும் அதில் ஒருத்தி.

"ஏன்க்கா, எங்க பேரெல்லாம் எப்பவும் வால்லயே தொங்குது?" என்று ஓபெத்தி ஒருநாள் கேட்டான். அவனுக்கும் கொக்கிப் பெயர். ஆள் ஆறடி, வாய் ஏழடி.

"உங்கப்பனைப் போய்க் கேளு. நானா உனக்குப் பேர் வச்சேன்?"

"பந்தியிலயும் இதே வரிசை. தீர்ந்துபோன பாத்திரத்தைச் சுரண்டுறதே எங்க பிழைப்பாப் போச்சு."

"உன் வயித்தைப் பாத்தா சுரண்டுற மாதிரி தெரியலையே தம்பி" என்றாள் அக்கா.

போன ஜூலையில் வெளிநாட்டிலிருந்து கண் பார்க்கிறவர்கள் கப்பலில் வந்தார்கள். மூன்று நாள் மண்டபத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வேண்டிய நூற்று முப்பத்திரண்டு பேருக்குக் கண்ணை அளந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும், அதற்கு நேரே அளவையும் அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அந்தப் பட்டியல் ஆக்லாந்துக்குப் போயிற்று. அங்கே ஒரு நல்ல கூட்டத்தார் இலவசமாகக் கண்ணாடி செய்து அனுப்புவதாக ஏற்பாடு.

அந்தக் கண்ணாடிக்காக நான் எவ்வளவு ஜெபித்தேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் செமிசிக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் இன்சுலின் போடவேண்டும். பத்துக் கோடு, கூடவும் கூடாது குறையவும் கூடாது. அவருக்கும் பார்வை மங்கல், கையும் நடுங்கும். எங்கள் மகள்தான் போட்டுவந்தாள். அவள் மே மாதம் கல்யாணமாகி வேறு தீவுக்குப் போனாள். ஊசியில் இருக்கிற கோடுகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நர்ஸ் லதாய், பாவம், தீவின் அந்தக் கோடியிலிருந்து தினமும் விடிந்ததும் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனாள். "கண்ணாடி வரட்டும் சிஸ்டர், உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லாம நானே பாத்துக்கிறேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் பெட்டி வந்தது. அதற்கு முந்தின நாள் ஆக்லாந்திலிருந்து பெவர்லி என்கிற அம்மாள் அக்காவுக்குப் போன் செய்தாளாம். "டப்பாமேல நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கோம். உங்க பேரையெல்லாம் தப்பா எழுதி உங்களை அவமானப்படுத்திடுவோமோன்னு பயம். உங்க பட்டியலை எழுத்து வரிசையில வச்சு நம்பர் போட்டோம். முதல் பேர் ஒண்ணு, கடைசிப் பேர் நூத்தி முப்பத்திரண்டு" என்றாளாம்.

"எழுத்து வரிசைதானே? அது என் கைக்கு அத்துப்படி" என்றாள் அக்கா. தன் கம்ப்யூட்டரில் பெயர்களை வரிசையாக்கி, ஒன்று இரண்டு என்று எண் போட்டுத் தாளில் எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் பாட்டுப்பாடி, சேம்பு இலையில் தேங்காய்ப்பாலும் டப்பா இறைச்சியும் கட்டிச் சுட்டுச் சாப்பிட்டு, கண்ணாடிகளை வாங்கிக்கொண்டோம். எனக்கு நூற்றுப் பதினொன்று. மாட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளின் முகம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரித் தெரிந்தது. "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள். "ஸ்தோத்திரம், ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? முகம் தெரியாத யாரோ உழைத்துச் செய்து கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். கொடுத்த பொருளைக் குறை சொல்கிற வளர்ப்பு எங்களுக்கு இல்லை. என் கண்தான் கண்ணாடிக்குப் பழகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலமே நர்சிடம் போய், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் போயிற்று. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினேன். காலையில் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடுகளெல்லாம் ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிந்தன. நர்ஸ் போடும்போது ஊசித் தண்டு எவ்வளவு தூரம் பின்னால் வரும் என்று பார்த்த ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தில் இழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் ஜெபம் செய்தேன். அது ஜெபத்துக்குச் செய்த மரியாதை அல்ல, ஆண்டவரைச் சோதித்தது என்று இப்போது தெரிகிறது.

ஒரு புதன்கிழமை காலை, ஊசி போட்டு அரைமணி ஆகியிருக்கும். செமிசி மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் கலோ அக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, வேலியை மிதித்துக்கொண்டே வந்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அவர் தலையை மடியில் சாய்த்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "முழுங்கு செமிசி. முழுங்குடா. உன் பொண்டாட்டி ஊரைக் கூட்டுறா பாரு, அவளுக்காகவாவது முழுங்கு." எங்கள் ஊர் லாரிக்காரன் ஃபெஹோகோ தன் லாரியை எடுத்துக்கொண்டு போய் நர்சைக் கூட்டிவந்தான். அவன் அன்றைக்கு வேலியோரத்து வாழை இரண்டை இடித்துச் சாய்த்துவிட்டு நின்றதை அவசரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் வருவதற்குள் செமிசிக்கு நினைவு திரும்பியிருந்தது. அவள் அவரைச் சோதித்துவிட்டு, ஒரு புது ஊசியை என் கையில் கொடுத்தாள். "எதினா, பத்து இழுத்துக் காட்டுங்க."

இழுத்துக் காட்டினேன்.

"இது பதினேழு."

"இல்ல சிஸ்டர், பத்துதான் போட்டேன்."

கலோ அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மூன்றடி தள்ளி நின்று கையைத் தூக்கினாள். "இது எத்தனை விரல்?"

"மூணு."

"நான் விரலே காட்டல டீ. அகப்பையைப் பிடிச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணாடி நல்ல கண்ணாடிக்கா. என் கண்ணுதான் இன்னும் பழகல" என்றேன். அக்கா என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வாசலுக்குப் போய்த் தன் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தாள். நர்சும் வாங்கிப் பார்த்தாள். "இது தூரத்துப் பார்வைக்கு. இவங்களுக்கு வேண்டியது கிட்டப் பாக்க. இது இவங்க கண்ணாடியே இல்ல" என்றாள்.

அக்கா நேரே மண்டபத்துக்குப் போனாள். நர்சும் கூடப் போனாள். செமிசி பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். அக்கா பெவர்லிக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா, உங்க பட்டியல்ல ஒண்ணாம் நம்பர் யாரு?"

"ஐசேயா" என்றது போன்.

அக்கா தன் தாளைப் பார்த்தாள். அதில் ஒன்றாம் பெயர் அகானேசி. ஐசேயா கொக்கிப் பெயர், எங்கோ நூற்றுக்கு மேலே இருந்தார்.

"ஐசேயா எப்படி முதல்ல வருவாரு? அவர் பேருக்கு முன்னாடி கொக்கி இருக்கே."

"இங்கயும் இருக்கு. ஆனா எங்க கம்ப்யூட்டர் அதை ஒரு எழுத்தா எடுத்துக்கிட்ட மாதிரி தெரியல. அதைத் தாண்டி அடுத்த எழுத்தைப் பாத்து வரிசை போட்டிருக்கு."

"எதினா?"

"பத்தொன்பது."

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். கொக்கிப் பெயர்கள் முப்பத்தொன்றும் அங்கே மற்றப் பெயர்களுக்கு நடுவில் நடுவில் புகுந்துவிட்டன. அதனால் ஒன்றாம் எண்ணிலேயே பிசகி, கடைசி எண்வரைக்கும் ஒருவர் கண்ணாடி இன்னொருவருக்குப் போயிருந்தது.

"என் கிளினிக் கம்ப்யூட்டர் இன்னொரு மாதிரிக்கா" என்றாள் நர்ஸ் மெதுவாக. "அதுல கொக்கிப் பேரெல்லாம் எல்லாருக்கும் முன்னாடி தலையில வந்து உக்காந்துக்கும்."

"மூணு கம்ப்யூட்டருக்கும் மூணு பள்ளிக்கூடமா?" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "நூத்தி முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட தன் கண்ணாடியைப் போட்டிருக்கல. ஒருத்தர்கூட வந்து சொல்லல."

அதுதான் பெரிய கஷ்டம். அடுத்த நாள் முழுக்க அக்கா வீடு வீடாகப் போனாள். முதலில் ஃபெஹோகோவைக் கேட்டாள்.

"கண்ணாடி எப்படிடா இருக்கு?"

"அருமைக்கா. ரோடெல்லாம் புதுசாத் தெரியுது."

"எப்படிப் புதுசா?"

"ரோடே இல்லாத மாதிரி."

"அதைப் போட்டுட்டா லாரி ஓட்டுற?"

"குடுத்தவங்க மனசு நோகக் கூடாதில்ல?"

ஓபெத்தி இன்னும் மோசம். "என் பன்றி குதிரை கணக்கா தெரியுதுக்கா. இவ்வளவு நாளா இவ்வளவு பெரிய பன்றி வச்சிருக்கேன்னு எனக்கே தெரியாமப் போச்சு. இதைப் போய்த் திருப்பிக் குடுப்பேனா?" என்று கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டான். எல்லா வீட்டிலும் இதே கதை. ஆண்டவர் கொடுத்தது, அந்த நல்லவர்கள் கொடுத்தது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாற்றித் தருகிறேன் என்றால், கொடுத்தவர்களின் முகத்தில் எறிவதாகும் என்று ஒருவரும் இணங்கவில்லை. என் கண்ணாடியும் அந்த வீடுகளில் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அது வராமல் நான் ஊசியைத் தொட முடியாது. நர்சுக்கும் அந்த வியாழனிலிருந்து வேறு தீவில் தடுப்பூசி வேலை. அதனால் கலோ அக்காதான் விடியற்காலை எங்கள் வீட்டுக்கு வந்து செமிசிக்குப் பத்துக் கோடு இழுத்துப் போட்டாள். அவளுக்கு அந்த வயதிலும் கண்ணாடி தேவையில்லை. ஊசியைக் குத்தும்போது மட்டும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். செமிசிதான், "அக்கா, கண்ணைத் தொறந்துக்கிட்டுக் குத்துங்க, புண்ணியமாப் போகும்" என்பார்.

வெள்ளிக்கிழமை அவள் போதகரிடம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"தப்பு நம்ம மேல இல்லையே கலோலைனி" என்றார் போதகர். "அந்த மெஷினுக்கு நம்ம எழுத்து தெரியல. அதை ஜனங்களுக்கு நான் எடுத்துச் சொல்றேன்."

"வேண்டாங்கய்யா. அப்படிச் சொன்னா அனுப்பினவங்களைக் குறை சொன்னதாயிடும். ஒருத்தரும் கழட்ட மாட்டாங்க. பேரைச் சரிபாக்காம, எனக்கு எல்லாம் தெரியும்னு பொத்தானை அமுக்கினது நான். அதை என் பேர்லயே வச்சுக்கிறேன்."

"என்ன செய்யப்போற?"

"நாளைக்குக் காலையில மரமுரசை அடிக்கச் சொல்லுங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை கோயில் மரமுரசு ஒலித்தது. எல்லோரும் மண்டபத்துக்குப் போனோம். கலோ அக்கா நடுத்தரையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி, கிழிந்து நார் தொங்கும் பழைய பெரிய பாய். கழுத்தில் இஃபி மரத்து இலை மாலை. தலை குனிந்திருந்தது. பிரபுக்களுக்கு முன்னால், ராஜாவுக்கு முன்னால், உயிர் போகிற குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க அப்படி உட்காருவார்கள். ஃபெஹோகோவுக்கும் ஓபெத்திக்கும் முன்னால் அப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அனுப்பினவங்க நல்லவங்க" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "கண்ணாடி எல்லாம் நல்ல கண்ணாடி. பிரிச்சுக் குடுத்த கை மட்டும் தப்பு. அது என் கை. என் தப்பால செமிசி அன்னைக்குப் போயிருப்பான். நான் உங்க யாருக்கும் கண்ணாடி நல்லா இருக்கான்னு கேக்க வரல. எனக்கு ஒரு உதவி கேக்க வந்தேன். அதையெல்லாம் என் மடியில திருப்பிப் போடுங்க. போட்டாத்தான் நான் இந்தப் பாயை அவுக்க முடியும்."

முதலில் ஐசேயா எழுந்தார். எண்பத்திரண்டு வயது, எங்கள் சபையில் வேதம் வாசிக்கிறவர். தடியை ஊன்றி நடந்து வந்து, அவள் கழுத்திலிருந்த இலை மாலையைக் கழற்றினார். தன் கண்ணாடியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"எழுந்திரும்மா. மூணு வாரமா எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. தெரிஞ்ச வசனமாப் பாத்து நானா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அதான் மூணு வாரமும் ஒரே அதிகாரமா?" என்று போதகர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக ஒவ்வொருவரும் தங்கள் கண்ணாடிக் கதையைச் சொன்னார்கள். ஒருத்தி தைத்த சட்டைக்குக் கை இரண்டையும் ஒரே பக்கம் வைத்திருந்தாள். ஒருவர் பதினைந்து நாளாகப் பக்கத்து வீட்டுக் கோழிக்குத் தீனி போட்டிருக்கிறார். கொடுத்த பொருளைக் குறை சொல்ல எங்களுக்கு வராது. ஆனால் தரையில் உட்கார்ந்து உதவி கேட்கிறவளை எழுப்பாமல் விடவும் வராது. அக்காவுக்கு எங்களைத் தெரிந்திருந்தது. கண்ணாடிகள் டப்பாவோடு அவள் மடியில் விழுந்து விழுந்து, பாய்க்கு வெளியேயும் குவிந்தன.

ஓபெத்திதான் கடைசியாக வந்தான். "இதைக் குடுத்தா என் பன்றி சின்னதாயிடுமே அக்கா?"

"சின்னதாயிடாது. இருக்கிற அளவுக்கு வரும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று பெருமூச்சு விட்டுக் கொடுத்தான்.

பெவர்லி தன் பட்டியலை எண்களோடு அனுப்பியிருந்தாள். அக்கா அதை வந்தபடியே தாளில் எடுத்திருந்தாள். வரிசை போடுகிற பொத்தானின் பக்கமே கை போகவில்லை என்று சத்தியம் செய்தாள். ஒரு பெயரைக் கூப்பிட்டு, எண்ணைச் சொல்லி, டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். எண் உரிந்துபோன நாலைந்தை மட்டும் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தோம். என் பத்தொன்பதாம் கண்ணாடி ஃபெஹோகோவிடம் இருந்தது. லாரி எண்ணெய் வாடை அடித்தது. நான் மூன்று வாரம் போட்டிருந்தது ஊர்ப் பெரியவர் தோமாசியுடையது. அவர் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, பாறைத் திட்டின்மேல் அலை உடைவதைப் பார்த்து, "அடேயப்பா, அது அவ்வளவு தூரத்துலயா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணிக்கு முன்னால் அக்கா வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சீப்புப் பல் மாதிரி நின்றன. பக்கத்தில் எண்கள் இருந்தன. அங்கே எண்கள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாக இழுத்தேன்.

"எத்தனை?" என்றாள் அக்கா, நின்ற இடத்திலிருந்தே.

"பத்து."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். நாலு நாளாக அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. "பத்துதான்" என்றாள். "நான் போய்க் கோயிலுக்குப் புறப்படுறேன்."

செமிசி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கோடு தெரியுது, நம்பர் தெரியுது. என் மூஞ்சி தெரியுதா?"

பார்த்தேன். நெற்றிச் சுருக்கமும், காதோரத்து நரையும், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு கண்ணும் தெரிந்தன. ஆண்டவருக்கும், கடல் தாண்டி இருக்கிற அந்த நல்லவர்களுக்கும், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளுக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

"தெரியுது" என்றேன். "சவரம் பண்ணிட்டுக் கோயிலுக்கு வாங்க."